சிந்தியது யாருடைய கணக்கில்?

நவம்பர் மாதக் கடைசியில் நியூகாசில் துறைமுக வாயிலில் சிறு ஓடங்கள் கூடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. 2023இல் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் ஒருவர் 97 வயதுப் பாதிரியார். அடுத்த ஆண்டு கைதானோர் தொகை இன்னும் கூடியது. சிட்னியிலிருந்து காரில் இரண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் போய்விடக்கூடிய இந்தத் துறைமுகம்தான் உலகிலேயே மிகப்பெரிய நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகம். எரிக்கப்படப் போகும் கரியைப் பற்றியே அங்கு வாக்குவாதம் நடக்கிறது. அந்த வாதம் தேவையானதுதான். ஆனால் எரிக்கப்படாமல், ஏற்றும்போதே வழியில் கொட்டுண்டு போகும் சரக்கைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களின் கண் முதலில் அங்கேதான் போகிறது.

சிந்துவது என்ன பெரிய விசயமா என்று கேட்கலாம். கொழும்பு நாலாம் குறுக்குத்தெருவில் நாட்டாமைமார் அரிசி மூட்டை இறக்கும்போது தெருவில் நாலு பிடி அரிசி சிந்தும். அதைக் கூட்டியள்ளிக்கொண்டு போக ஆட்கள் இருப்பார்கள். முதலாளி அதைப் பெரிதாக எடுப்பதில்லை. கப்பலில் மொத்தமாக, சாக்கில்லாமல் கொட்டி ஏற்றும் சரக்கிலும் இதே மனப்போக்குத்தான் இருக்கிறது. அளவு மட்டும் வேறு. நியூகாசிலில் ஆண்டொன்றுக்கு ஏற்றப்படும் கரி சுமார் 15 கோடி தொன். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு சிந்துகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் 15,000 தொன் வருகிறது. நிலக்கரி என்றால் வீட்டு யன்னல் கறுக்கும், ஆஸ்துமாக்காரருக்கு இழுக்கும். அதே இடத்தில் ஈயம் என்றால் என்ன நடக்கும் என்பதை மேற்கு அவுஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் என்ற ஊர் அனுபவித்துத் தெரிந்துகொண்டது.

எஸ்பெரன்ஸ் தெற்குக் கரையோரத்தில், பேர்த் நகரிலிருந்து 700 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் அழகான சிற்றூர். வெள்ளை மணற் கடற்கரைக்குப் பெயர் போனது. விலூனாவுக்கு அருகில் மகெலன் மெற்றல்ஸ் நிறுவனம் தோண்டிய ஈயக் கார்பனேற்று 2005இலிருந்து இந்த ஊர்த் துறைமுகத்தின் வழியாக ஏற்றுமதியானது. வீதியாலும் ரயிலாலும் வந்து, கொட்டகையில் குவிந்து, பட்டியில் ஏறி, கப்பலின் வயிற்றுக்குள் விழுந்தது. 2006 டிசெம்பரில் ஊரில் பறவைகள் செத்து விழத் தொடங்கின. தேன்சிட்டு வகைகள், கிளிகள் என்று ஆயிரக்கணக்கில் விழுந்தன. முதலில் நோய் என்றார்கள், பிறகு பூச்சிமருந்தாக இருக்கலாம் என்றார்கள். 2007 மார்ச்சில்தான் ஈயம் என்பது உறுதியானது. ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. ஊர்ச் சனம் குடித்துக்கொண்டிருந்த மழைநீர்த் தாங்கிகளில் ஈயமும் நிக்கலும் இருந்தன. சில குழந்தைகளின் குருதியில் ஈயம் கவலைப்பட வேண்டிய அளவில் இருந்தது.

அந்த ஆண்டே மாநிலப் பாராளுமன்றக் குழு விசாரித்து செப்ரெம்பரில் அறிக்கை வெளியிட்டது. துறைமுக அதிகாரசபை, சுரங்க நிறுவனம், சுற்றாடலைக் காக்கவென்று சம்பளம் வாங்கும் அரச திணைக்களம் ஆகிய மூன்றுமே அந்த அறிக்கையில் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயின. இதில் எங்களுக்கு உறைத்தது ஒரு சின்ன விசயம். சரக்கு வரவேண்டிய ஈரத்தோடு வரவில்லை. காய்ந்த பொடியாக வந்தது. காய்ந்த பொடி பட்டியிலிருந்து விழும்போதெல்லாம் எழும்பிப் பறக்கும். தூசி பறக்கிறது என்பது வேலைத்தலத்தில் நின்றவர்களுக்குத் தெரியாத இரகசியமல்ல. தூசி அளவீடுகளும் எடுக்கப்பட்டுத்தான் வந்தன. ஆனால் “ஈரம் குறைவு, ஏற்ற முடியாது, திருப்பிக் கொண்டுபோ” என்று சொல்ல வேண்டிய இடத்தில் எவரும் சொல்லவில்லை. சொன்னால் கப்பல் காத்து நிற்கும். காத்து நின்றால் காசு.

காசு எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்குப் பெட்டி, பரல் அனுப்பிய ஒவ்வொரு புலம்பெயர் குடும்பத்துக்கும் ‘டெமறேஜ்’ என்ற சொல் தெரியும். கொழும்பில் பெட்டியை எடுக்கச் சுணங்கினால் நாளுக்கு நாள் ஏறும் தண்டப்பணம் அது. மொத்தச் சரக்குக் கப்பலுக்கும் அதே கதைதான். ஒப்பந்தத்தில் இத்தனை நாளுக்குள் ஏற்றி முடிக்க வேண்டும் என்று இருக்கும். தாண்டினால் நாளொன்றுக்குப் பல ஆயிரம் டொலர். சந்தை சூடுபிடித்த காலத்தில் அது பல பத்தாயிரமாகும். முன்கூட்டி முடித்தால் கப்பற்காரன் திருப்பி ஊக்கத்தொகை தருவான். ஆகவே தாமதம் பற்றுச்சீட்டாக, திகதியும் தொகையும் போட்டு மேசைக்கு வருகிறது. சிந்தியதற்குப் பற்றுச்சீட்டு எங்கே? அதை அனுப்புபவர் யார்?

இந்த அவசரம் எவ்வளவு பெரியது என்பதற்கு நியூகாசிலே சாட்சி. 2007 யூன் மாதம் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே ஐம்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் கரி ஏற்றக் காத்து நின்றன. புயல் வந்தபோது அவற்றில் ஒன்றான ‘பாஷா பல்க்கர்’ நொபீஸ் கடற்கரையில் ஏறித் தரைதட்டியது. அந்தச் சிவப்புக் கப்பலின் படத்தை இங்குள்ள பலர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வளவு நீளமான வரிசை வெளியில் நிற்கும்போது, உள்ளே பட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியிடம் “கொஞ்சம் நிறுத்தி, சிந்துகிற இடத்தைச் சரிபார்” என்று எந்த மேற்பார்வையாளர் சொல்வார்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதுதான் எங்கள் தொழிலுக்கு நேரடியாக உரியது. கப்பலில் ஏறிய சரக்கு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தராசு வைத்து முடிவுசெய்வதில்லை. கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்தது என்பதை முன், நடு, பின் என இரு பக்கமும் ஆறு இடங்களில் வாசித்து, தண்ணீரின் அடர்த்தி, தாங்கிகளில் இருக்கும் நிலைப்பாட்டு நீர், எரிபொருள் எல்லாவற்றையும் கழித்துக் கணக்கிடுகிறார்கள். கவனமாகச் செய்தாலும் அரை வீதம் அளவுக்குப் பிழை வரலாம் என்பது தொழிலில் உள்ளவர்கள் ஏற்றுக்கொண்டது. 75,000 தொன் கப்பலில் அரை வீதம் என்றால் 375 தொன். பன்னிரண்டு பெரிய லொறிச் சரக்கு. அவ்வளவும் கடலில் போனாலும், தரையில் கிடந்தாலும், காற்றில் போனாலும் கணக்குப் புத்தகம் கண்சிமிட்டாது. அளவுகோலின் பிழைக்குள்ளேயே இழப்பு ஒளிந்துகொள்கிறது.

உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், கிரயக் கணக்கியலில் சாதாரண நட்டம், அசாதாரண நட்டம் என்று இரண்டு சொல்லித் தருவார்கள். சாதாரண நட்டத்துக்குத் தனிப் பெறுமதி போடுவதில்லை; மிஞ்சிய நல்ல சரக்கின் கிரயத்துக்குள் அது கரைந்துவிடும். அசாதாரண நட்டம்தான் இலாப நட்டக் கணக்குக்குத் தனியாக வந்து உறுத்தும். நூறு கிலோவில் இரண்டு கிலோ சிந்துவது ‘சாதாரணம்’ என்று முகாமை தீர்மானித்துவிட்டால், அந்த இரண்டு கிலோ பிறகு எந்த அறிக்கையிலும் தலைகாட்டாது. எது சாதாரணம் என்று தீர்மானிப்பவர் சிந்துபவரே. எஸ்பெரன்ஸில் பறவைகள் வந்து விழும்வரை எல்லாமே சாதாரணமாகத்தான் இருந்தது. 2009இல் துறைமுக அதிகாரசபை குற்றத்தை ஒப்புக்கொண்டு 525,000 டொலர் தண்டம் கட்டியது. அது அரசின் துறைமுகம்; ஆகவே ஒரு அரச பையிலிருந்து இன்னொரு அரச பைக்குப் போன காசு. ஊரின் கூரைகளையும் தாங்கிகளையும் வீடு வீடாகத் துப்புரவாக்கிய செலவு அதைவிடப் பன்மடங்கு. சுரங்க நிறுவனமும் அதற்குப் பல மில்லியன் டொலர் கட்ட வேண்டி வந்தது.

இனி, வேகமும் சுத்தமும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற வாதத்தைப் பார்ப்போம். துறைமுகக்காரர் சொல்லும் முதல் நியாயம் இதுதான். நியூகாசிலின் பெரிய ஏற்றும் இயந்திரங்கள் மணித்தியாலத்துக்கு 10,500 தொன் கொட்டக்கூடியவை. அந்த வேகத்தில் 75,000 தொன் கப்பல் ஏழு மணித்தியாலத்தில் நிறைந்துவிட வேண்டும். எந்தக் கப்பலும் அப்படி நிறைவதில்லை. ஒரு நிலவறையிலிருந்து அடுத்ததற்கு இயந்திரத்தை நகர்த்த வேண்டும். சரக்கு ஏற ஏறக் கப்பல் தன் நிலைப்பாட்டு நீரை வெளியே இறைக்க வேண்டும். பம்பி மெதுவாக இருந்தால் இயந்திரம் சும்மா நிற்கும். கடைசியில் கப்பல் சமனாக நிற்கிறதா என்று ஆழம் பார்த்து, கொஞ்சம் முன்னுக்கு, கொஞ்சம் பின்னுக்குப் போட்டு முடிக்க வேண்டும். நேரம் போவது இந்த நிறுத்தங்களில்தான். பட்டியை இன்னும் வேகமாக ஓட்டுவதால் மிச்சமாவது கொஞ்சம், சிந்துவது கனக்க.

சிந்தலும் ஒரே இடத்தில் நடப்பதில்லை. ஒரு பட்டி அடுத்த பட்டிக்குக் கொட்டும் சந்தியில் சரக்கு நடுவில் விழாவிட்டால் ஓரத்தால் வழியும். பட்டியும் ஒரு பக்கம் இழுபட்டு ஓடும். பட்டியில் ஒட்டிய ஈரத்தூள் திரும்பி வரும் பயணம் முழுக்க உருளைகளின் கீழே உதிர்ந்துகொண்டே வரும். பட்டிக்குக் கீழே காணும் குவியல்களில் பெரும்பகுதி இதுதான். அதற்கு மருந்து ஒரு சுரண்டிக் கத்தி. தேய்ந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அதை மாற்றப் பட்டியை நிறுத்த வேண்டும் என்பதால் தள்ளிப்போடுவார்கள். பிறகு உருளை சிக்கிப் பட்டி கிழிந்து அரை நாள் நிற்கும். கப்பலுக்குள் கொட்டும் குழாயின் நுனி உயரத்தில் நின்றால், விழும் தூரம் கூடக்கூடத் தூசி கூடும். அதற்கு நீண்டு சுருங்கும் குழாய்கள் இருக்கின்றன. தானியத்துக்கு, படிப்படியாகத் தட்டில் வழுக்கி இறங்கும் குழாய்களும் இருக்கின்றன. மெல்பேர்ன்காரர் ஜீலோங் பக்கம் போனால் கோதுமைக் களஞ்சியங்களைக் காண்பார்கள். தானியத் தூசி வெடிக்கக்கூடியது. அந்தப் பயத்தினால் தானியக்காரர்கள் தூசியை மற்றவர்களைவிட நெடுங்காலமாக மதித்து நடக்கிறார்கள். பயம் இருக்கும் இடத்தில் ஒழுங்கு தானாக வருகிறது.

ஈரத்தைக் கூட்டினால் முடிந்ததே என்று நினைக்கவும் கூடாது. ஈரம் கூடிய நுண்தூள் கப்பலின் குலுக்கத்தில் குழம்பாகிவிடும். குழம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் கப்பலும் சாயும். 2015 ஜனவரி 2ஆம் திகதி ‘பல்க் ஜூப்பிற்றர்’ என்ற கப்பல் மலேசியாவின் குவாந்தானிலிருந்து பொக்சைற்று ஏற்றிக்கொண்டு போய் வியற்நாமுக்கு அப்பால் மூழ்கியது. 19 மாலுமிகளில் 18 பேர் இறந்தார்கள். அதே குவாந்தானில் ஊர்ச் சனம் வேறொரு தொல்லைப்பட்டது: லொறிகளிலிருந்து சிந்திய பொக்சைற்று வீதி, வீடு, ஆறு எல்லாவற்றையும் சிவப்பாக்கியது, 2016 ஜனவரியில் மலேசிய அரசு அகழ்வையே இடைநிறுத்த வேண்டி வந்தது. ஒரே சரக்கு, கரையில் காய்ந்து பறந்தது, கடலில் நனைந்து ஆட்களை விழுங்கியது. ஈரம் இந்த அளவுக்கு மேல் போகக்கூடாது என்று 2011இலிருந்து கட்டாயமான சர்வதேச விதிக்கோவை இருக்கிறது. அது கப்பலைக் காக்க எழுதியது. இந்த அளவுக்குக் கீழே காயக்கூடாது என்பதைக் கரையில் இருக்கும் சனத்துக்காக அதே கண்டிப்போடு எழுதிய உலக விதி எதுவும் இல்லை. அந்தந்த ஊர் உரிமப் பத்திரத்தின் ஒரு நிபந்தனையாக அது கிடக்கிறது.

எஸ்பெரன்ஸுக்குப் பிறகு அதே ஈயம் எப்படிப் போனது தெரியுமா? காற்றுப்புகாத பைகளில் அடைத்து, பைகளைக் கொள்கலனுக்குள் பூட்டி, பிறீமான்டில் வழியாக. முடியாது, கட்டுப்படியாகாது என்று சொல்லப்படும் வேலை, தண்டமும் அவமானமும் வந்தவுடன் முடிந்தது.

சென்னையிலும் இதே கதையின் இன்னொரு வடிவம் நடந்தது. துறைமுகத்துக் கரியும் இரும்புத்தாதும் கிளப்பிய தூசி ராயபுரம் பக்கச் சனத்தை ஆண்டுக்கணக்கில் வருத்தியது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சரக்குகளைச் சென்னைத் துறைமுகம் கையாளத் தடை போட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் கரி வடக்கே எண்ணூருக்குப் போனது. அனல்மின் நிலையச் சாம்பலால் ஏற்கனவே நொந்துபோயிருந்த கொசஸ்தலை ஆற்று மீனவரின் பக்கத்துக்கு. நீதிமன்றமும் பெரிய ஆசுபத்திரியும் இருக்கும் பகுதியிலிருந்து தூசி எழும்பி, நீதிமன்றத்துக்கு வந்துபோகப் பஸ் காசில்லாதவர்கள் இருக்கும் பகுதியில் இறங்கியது என்றுதான் நாங்கள் இதை வாசிக்கிறோம்.

சிட்னியில் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை வேவர்ட்டனுக்குப் போய்ப் பாருங்கள். துறைமுகப் பாலத்துக்கு மேற்கே, போல்ஸ் ஹெட் குடாவில், நூறு ஆண்டுக்கு முன் கட்டிய பழைய கரி ஏற்றுதுறை இருக்கிறது. மேலே கல் மேடை, கீழே நீண்ட சுரங்க வழிகள். மேடையில் குவித்த கரி துவாரங்களால் சுரங்கத்துக்குள் இருக்கும் தொட்டிகளில் விழுந்து கப்பலுக்குப் போகும். 1990களின் தொடக்கத்தில் அதை மூடினார்கள். இன்றைக்கு மாநகரசபையின் பசுமை நிலையம், காய்கறித் தோட்டம், பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம். கரி ஏற்றுவது நின்றுவிடவில்லை. வீட்டுவிலை ஏறிய குடாவிலிருந்து போட் கெம்ப்ளாவிலும் நியூகாசிலிலும் நிலைத்துவிட்டது.

கிறிஸ்மஸ் தீவையும் சொல்லாமல் விட முடியாது. படகில் வந்த எங்கள் ஆட்கள் பலர் முதன்முதலில் கால் வைத்த அவுஸ்திரேலிய மண் அது. பறக்கும் மீன் குடாவில் இறங்கியவர்களுக்கு அந்தப் பெரிய இரும்புக் கைகள் நினைவிருக்கும். அவை பொஸ்பேற் ஏற்றும் இயந்திரங்கள். 2012 ஜனவரி 8ஆம் திகதி, அந்த இயந்திரங்களுக்குக் கீழே கட்டியிருந்த ‘ரைக்கூன்’ என்ற சரக்குக் கப்பல் கடல் கொந்தளிப்பில் கயிறறுந்து பாறையில் மோதி உடைந்தது. மாலுமிகளைக் காப்பாற்றினார்கள். எரிபொருளும் பொஸ்பேற்றும் குடாவுக்குள் கொட்டின. ஏதிலிகளைக் கரையேற்றுவதைப் பற்றி அந்த ஆண்டு கன்பராவில் நடந்த கூச்சலில் இந்தக் கொட்டல் எத்தனை பேரின் காதில் விழுந்திருக்கும்?

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு மன்னாரைக் காட்டுகிறோம். மன்னார்த் தீவின் கனிய மணலை அகழ முயலும் ரைற்றேனியம் சாண்ட்ஸ், அவுஸ்திரேலியப் பங்குச்சந்தையில் பதிவான நிறுவனம். தீவு மக்கள் அளவையாளர்களை மறித்தும் வீதியில் இறங்கியும் தொடர்ந்து எதிர்த்து வருகிறார்கள். அகழ்வே கூடாது என்பது அவர்களின் நிலைப்பாடு. அதைப் பலவீனப்படுத்தும் எதையும் இங்கே இருந்துகொண்டு சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் தோண்டுவதைப் பற்றிய கேள்விகளோடு ஏற்றுவதைப் பற்றிய கேள்விகளும் சேர வேண்டும். தோண்டும் குழி ஒரு ஊரில் இருக்கும். ஏற்றும் பாதை பல ஊர்களைத் தாண்டிப் போகும். அதுபோல, காங்கேசன்துறைத் துறைமுகத்தைத் திருத்த 2024இல் இந்தியா 6 கோடி 15 இலட்சம் அமெரிக்க டொலரை நன்கொடையாகத் தர முன்வந்தது. சீமெந்து ஆலை ஓடிய காலத்தில் அந்தப் பக்கத்து மரங்களின் இலை எந்த நிறத்தில் இருந்தது என்பது வலிகாமம் வடக்காருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே மீண்டும் மொத்தச் சரக்கு வந்தால் நல்லது, வேலைவாய்ப்பு வரும். என்ன சரக்கு, மூடிய பட்டியா திறந்த லொறியா, கொட்டகையில் காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் ஏற்பாடு உண்டா, எந்தக் காற்று வேகத்தில் வேலையை நிறுத்துவார்கள் என்பதெல்லாம் வரைபடம் மேசையில் இருக்கும்போதே கேட்க வேண்டியவை.

எங்கள் தொழில் சார்ந்து ஒரேயொரு கோரிக்கையைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்போம். கூட்டி அள்ளியதை நிறுத்து எழுதுங்கள். ஒவ்வொரு கப்பலுக்கும், பட்டிக்குக் கீழேயும் மேடையிலும் கப்பல் தளத்திலும் அள்ளியது எத்தனை கிலோ, எந்தச் சந்தியில், அன்றைக்குச் சரக்கின் ஈரம் எத்தனை வீதம். ஒரு தராசும் ஒரு புத்தகமும் போதும். கப்பல் அமிழ்ந்த ஆழத்தில் ஒளிந்துகொள்ளும் தொகை இந்தப் புத்தகத்தில் ஒளிய முடியாது. மூன்று மாதம் எழுதினால் எந்தச் சந்தி கெட்டது என்று தெரிந்துவிடும். அதைத் திருத்தும் செலவும் அள்ளும் கூலியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அந்தப் புத்தகத்தை நிறுவனம் தன் அலுமாரியில் பூட்டாமல் பிரதேச சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் மாதந்தோறும் பிரதி கொடுக்க வேண்டும் என்பதை அனுமதிப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். துப்புரவுக்கான பிணைப்பணம் முதல் கப்பல் வருமுன்னர் வைப்பிலிடப்பட வேண்டும். எஸ்பெரன்ஸில் அது பறவைகள் செத்த பிறகு பேரம் பேசி வந்த காசு.

பங்குச்சந்தையில் பதிவான நிறுவனங்களின் அறிவிப்புகள் எல்லாம் இணையத்தில் பகிரங்கமாகக் கிடைக்கின்றன. மன்னார் சம்பந்தப்பட்டவற்றை இங்கே ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சுருக்கி அங்குள்ள மீனவர் சங்கங்களுக்கும் பொது அமைப்புகளுக்கும் அனுப்பக்கூடிய கணக்காளரும் பொறியியலாளரும் வென்ற்வேர்த்வில்லிலும் டண்டினோங்கிலும் தாராளமாக இருக்கிறார்கள். சிறுதொகைப் பங்கு வைத்திருப்பவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். எங்கள் ஓய்வூதியச் சேமிப்பு, அதுதான் ‘சுப்பர்’, எந்தெந்தச் சுரங்க, துறைமுக நிறுவனங்களில் போடப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை நிதியங்கள் தங்கள் தளங்களில் வெளியிட வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. அந்தப் பட்டியலை ஒரு மாலை உட்கார்ந்து பார்த்து, அதிலுள்ள துறைமுகப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, சிந்தியதை நிறுக்கிறீர்களா என்று ஒரு வரிக் கடிதம் எழுதலாம்.